பெயரில் ‘மரணம்’... வேலை உயிர் காப்பது! - ஒரு மரபணு வேட்டையின் கதை

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் இப்போதெல்லாம் முதல் வேலை, அதை போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதுதான். ‘நம்ம சொந்தத்துல டாக்டர் யாராவது இருந்தா அர்த்தம் கேட்டுச் சொல்லுங்களேன்’ என்று கீழே ஒரு வரி. ரிப்போர்ட்டைத் திறந்தால், ‘சிடி20 பாசிட்டிவ்’, ‘சிடி3 நெகட்டிவ்’, ‘பிடி-எல்1: 60 சதவிகிதம்’ என்று கார் நம்பர் பிளேட் போல வரிசையாக எழுத்தும் எண்ணும். கூகுளில் தேடினால் பயம்தான் கூடும்.

அந்த எழுத்தும் எண்ணும் எல்லாமே புரதங்களின் பெயர்கள். நம் உடலைக் காவல் காக்கும் ரத்த வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள். சில சமயம், புற்றுநோய் செல்களும் இவற்றில் சிலவற்றைப் போர்த்திக்கொண்டு திரியும். எந்த மருந்து கொடுக்கலாம், எது வேலைக்கு ஆகாது என்பதை டாக்டர்கள் முடிவு செய்வதில் இந்தப் பெயர்களுக்கு இன்று பெரிய பங்கு உண்டு. ஆனால், இவற்றின் மரபணுக்களைக் கண்டுபிடிப்பதற்குள் விஞ்ஞானிகள் பட்ட பாடு இருக்கிறதே... அது ஒரு துப்பறியும் கதை.

முகம் ஒன்று, சட்டை வேறு

வெள்ளை அணுக்களில் ‘டி செல்’, ‘பி செல்’ என்று இரண்டு முக்கியமான வகைகள். பி செல், கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைத் தயாரித்து அனுப்பும். டி செல்களில் ஒரு பிரிவு, கிருமி புகுந்த செல்லை நேரில் போய்த் தீர்த்துக்கட்டும். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். வித்தியாசம், மேலே போட்டிருக்கும் சட்டையில்தான். அதாவது, மேற்பரப்புப் புரதங்களில்.

1975-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்ற இருவர், ஒரே ஒரு இலக்கை மட்டும் குறிபார்த்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகளை ஆய்வகத்தில் வேண்டிய மட்டும் தயாரிக்க வழி கண்டுபிடித்தார்கள். உடனே உலகம் முழுக்க ஆய்வகங்கள் இதைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை அணுக்களின் மேல் எந்தெந்தப் புரதம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தன. ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஒரே புரதத்துக்கு பாஸ்டனில் ஒரு பெயர், லண்டனில் ஒரு பெயர். குழப்பம் தாங்காமல், 1982-ல் பாரிஸில் கூடி, பொதுவான எண் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ‘சிடி’ வரிசை. இன்று அந்த வரிசை 370-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

எண் கொடுத்தாயிற்று. ஆனால், எண் மட்டும் இருந்து என்ன பயன்? ஒரு ஆன்டிபாடி ஒட்டுகிறது என்றால், ‘இங்கே ஏதோ ஒன்று இருக்கிறது’ என்று மட்டும்தான் தெரியும். தெரு முழுக்கக் குழம்பு வாசனை வருகிறது, ஆனால் எந்த வீட்டுக் குழம்பு, என்னென்ன போட்டு வைத்தார்கள் என்று தெரியாத நிலை. புரதத்தின் முழு அமைப்பையும் தெரிந்துகொள்ள, வேண்டிய அளவு தயாரிக்க, அதைக் குறிவைத்து மருந்து செய்ய, அதன் செய்முறைக் குறிப்பு கையில் வேண்டும். அந்தக் குறிப்புதான் மரபணு.

இன்று என்றால் கம்ப்யூட்டரில் தேடிவிடலாம். மனிதனின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் வாசிக்கும் திட்டம் முடிந்தது 2003-ல். நாம் பேசிக்கொண்டிருப்பது அதற்கு இருபது வருடங்களுக்கு முந்தைய கதை.

கழித்தல் கணக்கு போட்ட இளைஞர்கள்

1980-களின் தொடக்கத்தில் இந்தத் துறையின் பெரிய புதிர், டி செல்லின் ‘ரிசப்டர்’. கிருமியை அடையாளம் கண்டுகொள்ள டி செல் பயன்படுத்தும் கண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதன் மரபணு மட்டும் யார் கைக்கும் சிக்கவில்லை. பெரிய பெரிய ஆய்வகங்கள் தேடி அலுத்துப்போயிருந்தன.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்க் டேவிஸ், ஸ்டீபன் ஹெட்ரிக் என்ற இரண்டு இளம் விஞ்ஞானிகள் வேறு கோணத்தில் யோசித்தார்கள். அவர்களுடைய யோசனை, நம் பள்ளிக்கூடத்துக் கழித்தல் கணக்கேதான்.

நம் உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்களுக்குள்ளும் அதே மரபணுக்கள்தான் இருக்கின்றன. ஒரே சமையல் புத்தகம், எல்லா வீட்டிலும் ஒரு பிரதி. ஆனால், ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து அடுப்பருகே வைத்துக்கொள்ளும். அந்த ஜெராக்ஸ்தான் ஆர்.என்.ஏ. டி செல்லின் ஜெராக்ஸ் கட்டையும் பி செல்லின் ஜெராக்ஸ் கட்டையும் ஒப்பிட்டபோது, நூற்றுக்குச் சுமார் 98 பக்கங்கள் இரண்டிலும் ஒன்றாக இருந்தன. டி செல்லின் கண் பி செல்லில் இருக்கப்போவதில்லை. ஆக, தேடும் பக்கம் அந்த மீதி இரண்டுக்குள்தான் இருந்தாக வேண்டும்!

கேட்க எளிது. கண்ணுக்குத் தெரியாத ஆர்.என்.ஏ இழைகளில் எப்படிக் கழிப்பது? டி செல்லின் ஆர்.என்.ஏ-க்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி பிம்பம் போல ஒரு டி.என்.ஏ இழையைத் தயாரித்தார்கள். அவற்றை பி செல்லின் ஆர்.என்.ஏ-க்களோடு கலந்தார்கள். பி செல்லிலும் உள்ள பக்கங்கள் தங்கள் ஜோடியைக் கண்டுபிடித்துப் பின்னிக்கொண்டன. ஜோடி சேர்ந்த இழைகளை மட்டும் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி வழியாக அந்தக் கலவையை ஊற்றினார்கள். துணை கிடைக்காமல் தனியாக நின்ற இழைகள் மட்டும் வெளியே வழிந்து வந்தன. அவை டி செல்லுக்கு மட்டுமே சொந்தமானவை.

அதற்கும் முன்பே இன்னொரு சலிப்பும் செய்திருந்தார்கள். செல்லின் மேற்பரப்புக்குப் போக வேண்டிய புரதங்கள், செல்லுக்குள்ளே சவ்வை ஒட்டிய தனிப் பட்டறைகளில்தான் தயாராகும். அந்தப் பட்டறைகளில் இருந்த ஆர்.என்.ஏ-க்களை மட்டுமே எடுத்தார்கள். அது மொத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான். மலை போன்ற வைக்கோற்போர் இப்படி ஒரு கூடையளவுக்குச் சுருங்கியது.

கடைசியில் பத்து மரபணுக்கள் மிஞ்சின. இவற்றில் ‘கண்’ எது?

இங்கேதான் பழைய துப்பு ஒன்று கைகொடுத்தது. ஆன்டிபாடிகளின் மரபணு, மற்ற மரபணுக்களைப் போலப் பிறந்தது பிறந்தபடி இருப்பதில்லை. ஒவ்வொரு பி செல்லும் அதைத் துண்டு துண்டாக வெட்டி, வேறு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. கோடிக்கணக்கான விதமான கிருமிகளுக்கு நம் உடல் இப்படித்தான் ஆயுதம் செய்கிறது. ஜப்பானியரான சுசுமு டோனெகாவா 1976-ல் இதை நிரூபித்தார். 1987-ல் நோபல் வாங்கினார். டி செல்லின் கண்ணும் அதுபோல விதவிதமாக இருக்க வேண்டியது. அப்படியானால் அதன் மரபணுவும் டி செல்லில் மட்டும் வெட்டி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

பத்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒன்று மட்டும் மற்ற செல்களில் ஒரு மாதிரியும், டி செல்லில் வேறு மாதிரியும் இருந்தது. ஆள் சிக்கிவிட்டான்!

கனடாவின் டொரண்டோவில் டாக் மாக் என்பவரின் குழுவும் அதே சமயத்தில், மனித டி செல் ஒன்றிலிருந்து அதே கண்ணின் மரபணுவைப் பிடித்திருந்தது. இரு தரப்புக் கட்டுரைகளும் 1984 மார்ச்சில், ‘நேச்சர்’ இதழில் ஒன்றாக வந்தன. எதிரெதிர் முகாம்கள் ஒரே நாளில் ஒரே ஊருக்கு வந்து சேர்ந்தது போல.

அரிசி அரிக்கும் வித்தை

கழித்தல் கணக்குக்கு நாளும் பொறுமையும் நிறைய வேண்டும். 1987-ல் பாஸ்டனைச் சேர்ந்த பிரையன் சீட், அலெஹாண்ட்ரோ அருஃபோ என்ற இருவர் அதைவிட வேகமான ஒரு வழியைச் சொன்னார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது, பாட்டிமார்கள் தண்ணீரில் அரிசி அரித்து, கல்லை அடியில் நிறுத்தும் வித்தைதான். அவர்கள் வைத்த ஆங்கிலப் பெயருக்கும் ‘அரித்தல்’ என்றுதான் பொருள். நதி மணலை அரித்துத் தங்கம் எடுப்பவர்களின் சொல் அது.

வெள்ளை அணுவின் எல்லா மரபணுப் பிரதிகளையும் மொத்தமாக எடுத்து, குரங்கின் சிறுநீரக செல்களுக்குள் செலுத்துவார்கள். ஒவ்வொரு குரங்கு செல்லும் தனக்குள் வந்த பிரதியைப் படித்து, அந்தப் புரதத்தைத் தன் மேல் போர்த்திக்கொள்ளும். இப்போது, நாம் தேடும் புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியைத் தட்டில் தடவி, இந்த செல்களை அதில் ஊற்றினால்? சரியான சட்டை போட்ட செல்கள் தட்டில் ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவி ஊற்றிவிடலாம். ஒட்டிய செல்களுக்குள் இருக்கும் மரபணுவை எடுத்து, பெருக்கி, மறுபடி ஒரு முறை, இன்னொரு முறை அரித்தால், வேண்டியது மட்டும் மிஞ்சும்.

சிடி2, சிடி28 என்று இந்த முறையில் மரபணுக்கள் வரிசையாக வந்து விழுந்தன. அடுத்த வருடமே சீட்டின் ஆய்வகம் வெளியிட்ட பட்டியலில் இருந்தது, சிடி19. பி செல்கள் பிறந்ததிலிருந்து ஏறக்குறைய கடைசி வரை போட்டுக்கொண்டிருக்கும் சட்டை அது. அன்றைக்கு அது ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

இன்றோ, பி செல்லில் தோன்றும் ரத்தப் புற்றுநோய்களுக்கு அதுதான் குறி. நோயாளியின் டி செல்களையே வெளியே எடுத்து, ‘சிடி19 சட்டை போட்டவனைக் கண்டால் விடாதே’ என்று சொல்லிக்கொடுத்துத் திருப்பி அனுப்பும் ‘கார்-டி’ சிகிச்சைக்கு 2017-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அங்கே அதற்கான செலவு கோடிகளில். ஐ.ஐ.டி பம்பாயும் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நம் நாட்டுச் சிகிச்சையான ‘நெக்ஸ்கார்19’-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அந்தப் பெயரில் இருக்கும் 19, இந்த 19-தான். வெளிநாட்டு விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதுவும் லட்சங்களில்தான் என்பது வேறு விஷயம்.

ஒன்றைத் தேடி, வேறொன்றைக் கண்டு...

இனி, ரிப்போர்ட்டில் பார்த்த அந்த ‘பிடி-எல்1’. இந்தக் கதை நடந்த இடம், ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம். டாசுகு ஹோஞ்சோவின் ஆய்வகத்தில் யாசுமாசா இஷிடா என்ற ஆராய்ச்சி மாணவர் இருந்தார். அவரை உறுத்திய கேள்வி, புற்றுநோய் பற்றியது இல்லை. செல்கள் எப்படித் தற்கொலை செய்துகொள்கின்றன என்பது!

நம் உடலையே தாக்கக்கூடிய டி செல்கள், வளரும்போதே பெரும்பாலும் தாமாகவே செத்துப்போகும்படி இயற்கை ஏற்பாடு செய்திருக்கிறது. சாகும் நேரத்தில் ஏதோ ஒரு மரபணு விழித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? அதைப் பிடிக்க இஷிடா எடுத்த கருவி, அதே கழித்தல் கணக்கு. இரண்டு வகை செல்களைச் சாகும் நிலைக்குத் தள்ளினார். நன்றாக இருக்கும் செல்களின் ஜெராக்ஸ் கட்டைக் கழித்தார். இரண்டிலும் பொதுவாக ஒரு மரபணு மிஞ்சியது. 288 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு மேற்பரப்புப் புரதம். 1992-ல் கட்டுரை வெளிவந்தது. ‘திட்டமிட்ட மரணம்-1’ என்று பொருள்படும்படி, சுருக்கமாக, ‘பிடி-1’ என்று பெயர் சூட்டினார்கள்.

பெயர் சூட்டு விழா முடிந்த பிறகுதான் தெரிந்தது, அதற்கும் செல்லின் மரணத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்று. டி செல் முறுக்கேறினாலே இந்தப் புரதம் மேலே வந்துவிடும். அப்படியானால், இதன் வேலைதான் என்ன? பல வருடங்கள் யாருக்கும் தெரியவில்லை. வேலை தெரியாத ஒரு மரபணுவை ஓர் ஆய்வகம் இத்தனை காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததே, அதைத்தான் நான் இந்தக் கதையின் பெரிய விஷயமாக நினைக்கிறேன். இன்று இப்படி ஒரு திட்டத்துக்குப் பணம் கேட்டுப் போனால், ‘இதனால் என்ன லாபம்?’ என்றுதானே முதலில் கேட்பார்கள்?

ஹோஞ்சோ குழுவினர், அந்த மரபணு இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். குட்டிகள் நன்றாகவே ஓடியாடின. ஆனால், வயதாக ஆக, மூட்டு வீக்கமும் சிறுநீரகக் கோளாறும் வந்தன. உடலின் காவலர்களே உடலைத் தாக்கும் ‘லூபஸ்’ நோய் போன்ற அறிகுறிகள். 1999-ல் இது வெளியானது. இன்னொரு வகை எலிகளில் இதயமே பாதிக்கப்பட்டது. அப்போதுதான் பளிச்சென்று புரிந்தது: பிடி-1 என்பது டி செல்லின் பிரேக்! பிரேக் இல்லாத வண்டி எங்கே போய் முட்டும் என்று எலிகள் காட்டிவிட்டன.

பிரேக் என்றால் அதை மிதிக்க ஒரு கால் வேண்டுமே? அதுதான் பிடி-எல்1. அமெரிக்காவில் லியெப்பிங் சென் என்பவர், மரபணுத் தகவல் தொகுப்புகளைக் கம்ப்யூட்டரில் துழாவி 1999-ல் அந்த மரபணுவை வேறு பெயரில் கண்டெடுத்திருந்தார். அது பிடி-1ஐ அழுத்தும் கால்தான் என்பதை, 2000-ல் ஹோஞ்சோவும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து காட்டினார்கள். பல புற்றுநோய் செல்கள் இந்தக் காலை நீட்டி, தங்களைக் கொல்ல வரும் டி செல்லின் பிரேக்கை மிதித்துவிடுகின்றன. காவலர் வாசல் வரை வந்து, அப்படியே நின்றுவிடுகிறார். உங்கள் ரிப்போர்ட்டில் ‘60 சதவிகிதம்’ என்று இருப்பது பெரும்பாலும், புற்றுநோய் செல்களில் எத்தனை பங்கு இந்தக் காலை நீட்டிக்கொண்டிருக்கின்றன என்ற கணக்குதான்.

அப்புறம் நடந்தது ஊரறிந்தது. பிரேக்கின் மேல் ஓர் ஆன்டிபாடியை உட்கார வைத்து, கால் படாமல் தடுத்தால்? எலிகளில் பலித்தது. ‘நிவோலுமாப்’ என்ற அந்த மருந்துக்கு 2014 ஜூலையில் ஜப்பான் அனுமதி தந்தது. இஷிடா மரபணுவை வெளியிட்டு 22 வருடங்கள் கழித்து! அதே குடும்பத்து மருந்தான ‘பெம்ப்ரோலிசுமாப்’, மூளை வரை புற்றுநோய் பரவிய அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல் மற்ற சிகிச்சைகளோடு கொடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 90. நூறு வயதைப் பார்த்துவிட்டு, 2024 டிசம்பரில்தான் காலமானார்.

2018-ல் ஹோஞ்சோவுக்கு நோபல் பரிசு. அதைப் பகிர்ந்துகொண்டவர் அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசன். டி செல்லின் கண்ணை, புரதமாக முதலில் அடையாளம் காட்டியவர்களில் ஒருவர் இவர். அதன் மரபணுவைப் பிடிக்கும் பந்தயத்தில் டேவிஸும் மாக்கும் முந்திக்கொண்டார்கள். அலிசன் பிறகு, பிரான்ஸில் 1987-ல் மரபணு கண்டெடுக்கப்பட்ட ‘சிடிஎல்ஏ-4’ என்ற இன்னொரு பிரேக்கின் பக்கம் போனார். சிறு வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். நோபல் பட்டியலில் இஷிடாவின் பெயர் இல்லை. அவர் நாரா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியப் பணிக்குப் போயிருந்தார்.

எலிகள் முன்பே சொன்னவை

இது மந்திர மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2012-ல் வெளியான முதல் பெரிய மனிதச் சோதனையில், தோல், சிறுநீரகம், நுரையீரல் புற்றுநோய் வகைகளில் ஐந்தில் ஒருவர், நான்கில் ஒருவர் என்ற கணக்கில்தான் கட்டி கணிசமாகச் சுருங்கியது. மற்றவர்களுக்கு ஏன் பலிக்கவில்லை என்பதில் ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. பிரேக்கைக் கழற்றினால் வண்டி எங்கும் முட்டலாம். தைராய்டு, குடல், நுரையீரல், அரிதாக இதயம் என்று டி செல்கள் சொந்த உறுப்புகளையே தாக்கக்கூடும். பிடி-1 இல்லாத எலிகள் முன்பே சொன்ன விஷயம் இது. அதனால், இந்த மருந்து எடுப்பவர்களுக்கு நிற்காத வயிற்றுப்போக்கோ, மூச்சுத்திணறலோ வந்தால், ‘கீமோவுக்கு இப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டிலேயே கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த தடை, விலை. முழு அளவில் எடுத்தால் பல லட்சங்கள். வாய்ப் புற்றுநோய் இந்த அளவுக்குப் பெருகியிருக்கும் நம் நாட்டில், அதை வாங்க முடிந்தவர்கள் மிகச் சிலர்.

டாடா மெமோரியல் டாக்டர்கள் இதற்கு ஒரு கேள்வி கேட்டார்கள். பிரேக்கை மூட உண்மையில் எவ்வளவு மருந்து வேண்டும்? வழக்கமான அளவு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 240 மில்லிகிராம். இவர்கள் கொடுத்தது, மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெறும் 20 மில்லிகிராம். முற்றிய நிலையில் இருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு விலை குறைந்த மூன்று மாத்திரைகள் மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதே மாத்திரைகளோடு இந்தத் துளி நிவோலுமாப்.

ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை மட்டும் எடுத்த பிரிவில் நூற்றுக்கு 16 பேர். துளி மருந்தும் சேர்ந்த பிரிவில், நூற்றுக்கு 43 பேர்.